சிறியன கண்டு மகிழ்தல்

(விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இயற்கையும் கலையும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். இயற்கை என்றதும் மலை, கடல், அருவி என்று பெரியவற்றையே நம் மனம் நாடுகிறது. அவற்றைக் காண எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. அவை தாமே கண்ணைக் கவரும். நான் சொல்ல விழைவது நம் காலடியில் கிடக்கும் சிறியவற்றைப் பற்றி.

புதுக்கோட்டைக்கு அருகில் சித்தன்னவாசல் குன்றில் அமைந்த அறிவர் கோவிலை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். பாண்டியன் சீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமர் அக்கோவிலைப் புதுப்பித்த செய்தியை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அர்த்தமண்டபத்தின் விதானத்தில் தீட்டப்பட்டிருக்கும் தாமரைக்குளம், சமவசரணத்தில் உள்ள நீர்நிலையாகிய காதிகாபூமியைக் குறிப்பது என்பர் அறிஞர். இங்கேதான் சற்று நின்று எண்ண வேண்டும். சமவசரணத்தை வரைய முற்பட்ட ஓர் ஓவியர் பொன்மதிலை வரைந்திருக்கலாம். மணித்தூண்களையும் மாடகோபுரங்களையும் வரைந்திருக்கலாம். நம் புராணங்கள் அவற்றையெல்லாம் விரித்துரைக்கின்றன. அவரோ விதானத்தில் ஒரு குளத்தைத் தீட்டினார்.

அக்குளத்தில் தாமரை ஒரே அச்சில் வார்த்ததுபோல் இல்லை. அரும்பாய் நிற்பது ஒன்று, பாதி அவிழ்ந்தது ஒன்று, முழுதும் மலர்ந்தது மற்றொன்று. மலருக்குப் பின்னே அகன்ற இலை விரிந்து, அம்மலரைத் தாங்கி எடுத்துக் காட்டுகிறது. இடையிடையே மீன்கள் நீந்துகின்றன, அன்னங்கள் உலவுகின்றன, யானையும் எருமையும் நீரில் இறங்கியிருக்கின்றன. பூக்கொய்யும் பவ்வியர் கோவணம் மட்டும் உடுத்து, கொடியோடு மலரை ஏந்தி நிற்கின்றனர். சுண்ணத்தின் வெண்மை, கரியின் கருமை, காவியின் சிவப்பும் மஞ்சளும், பசுமண்ணின் பச்சை என அவர் கையாண்ட வண்ணங்கள் மிகச் சிலவே. வண்ணம் குறைவு, பார்வை மிகுதி. குளக்கரையில் நெடும்பொழுது குந்தியிருந்து பார்த்த ஒருவர் அன்றி வேறெவரும் இவ்வாறு வரைதல் இயலாது என்பது என் துணிபு.

இப்பார்வை எங்கிருந்து வந்தது? நம் துறவியர் ஒழுக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நான்கு முழத் தொலைவு முன்னே நிலம் நோக்கி நடத்தலை ஈர்யா சமிதி என்கிறோம். அமருமுன் மயில் தானே உதிர்த்த பீலியால் இடத்தை மெல்ல நீவுகின்றனர். நாள்தோறும் மண்ணை இவ்வளவு கூர்ந்து நோக்கும் ஒருவரின் கண்ணுக்கு எறும்பின் வரிசையும் புல்லின் நுனியும் தப்புமா? எறும்பை மூன்றறிவுயிர் என்று நம் ஆகமங்கள் வகுக்கின்றன. தொல்காப்பிய மரபியலும் அவ்வாறே வகுக்கிறது. வகுத்தவர்கள் எறும்பின் முன் எத்தனை பொழுது அமர்ந்திருப்பார்களோ!

திருத்தக்கதேவர் பற்றி வழங்கும் செவிவழிச் செய்தியும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. பெருங்காப்பியம் பாட விடைவேண்டி நின்ற அவரிடம், அவ்வழியே ஓடிய நரி ஒன்றைக் காட்டி, முதலில் இதனைப் பாடுக என்றாராம் ஆசிரியர். பிறந்தது நரிவிருத்தம். சீவக சிந்தாமணி பின்னரே வந்தது. அவ்வாசிரியர் மேருவைக் காட்டவில்லை, கடலையும் காட்டவில்லை. இதனை நான் வகுப்பில் பலமுறை சொல்லி மகிழ்ந்ததுண்டு.

வகுப்பு என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஒரு வாரம் ஏதேனும் ஒரு செடியையோ மரத்தையோ நாள்தோறும் பார்த்துக் குறிப்பெழுதி, படமும் வரைந்து வருமாறு பிள்ளைகளைப் பணிப்பது என் வழக்கம். பெரும்பாலோர் ரோசாவையே வரைந்து வருவர், அதுவும் பாடநூலைப் பார்த்து! ஒரு சிறுமி மட்டும் தன் வீட்டுப் புளியமரத்தின் இலையை இருமுறை வரைந்திருந்தாள். பகலில் விரிந்தது ஒன்று. அந்தியில் கூம்பியது ஒன்று. கொடுத்துவிட்டு, "ஐயா, மரமும் பொழுது சாய்ந்தபின் உண்ணாதோ?" என்று கேட்டாள். ஒளியின்றி இலை உணவு சமைப்பதில்லை என்னும் அறிவியலைச் சொன்னேன். ஆயினும் அவ்வினாவின் அழகுக்கு என் விடை ஈடாகவில்லை. இரவுண்ணாமையை வீட்டில் கட்டளையாகக் கேட்டு வளர்ந்த பிள்ளை, அதனை ஒரு மரத்தில் கண்டு மகிழ்ந்திருக்கிறாள்.

பெற்றோரிடம் இதனையே நான் உரிமையோடு சொல்ல விரும்புகிறேன். இதை உண்ணாதே, அதை மிதிக்காதே, இரவில் அடுப்பு மூட்டாதே என்று நம் அறத்தைத் தடைகளின் நிரலாகவே பிள்ளைகளுக்குத் தருகிறோம். அவர்கள் நகரத்துக்குச் சென்றதும் அந்நிரல் ஒவ்வொன்றாக உதிர்கிறது. பிறகு வருந்துகிறோம். எறும்பு தன்னினும் பெரிய நொய்யரிசியை இழுத்துச் செல்லும் விந்தையை வியந்து பார்த்த குழந்தைக்கு, அதை மிதிக்காதே என்று தனியே சொல்ல வேண்டுமா? நம் பாட்டிமார் அரிசிமாவில் கோலமிட்டனர். கோலமும் ஆயிற்று, எறும்புக்கு உணவும் ஆயிற்று. இன்று வாசலில் கல்மாவு மின்னுகிறது. எறும்பு முகர்ந்துவிட்டுப் போகிறது.

சித்தன்னவாசல் ஓவியம் பெரிதும் மங்கிவிட்டது. சில இடங்களில் காரை பெயர்ந்து பாறையே தெரிகிறது. எஞ்சியிருப்பதை நம் பிள்ளைகள் பார்த்துவிட வேண்டும். விடுமுறையில் அழைத்துச் செல்லுங்கள். மண்டபம் சிறியது, கூட்டமாய் நுழைந்து கைபேசியில் படமெடுத்துத் திரும்புவதற்கு அவ்வளவு தொலைவு செல்ல வேண்டாம். குழந்தையை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, குளத்தில் மீன்கள் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். சென்ற ஒவ்வொரு முறையும் நானும் எண்ணியிருக்கிறேன். ஒருமுறை வந்த கணக்கு மறுமுறை வந்ததில்லை.