‘டூ த நீட்ஃபுல்’ என்றால் என்ன செய்யணும்? மனுவில் பாதியில் நிற்கும் வாக்கியங்கள்

மண்ணூர்பேட்டையில் குடியிருப்போருக்காக நடந்த இணையவழிச் சேவைகள் விளக்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.



மாநகராட்சி தொடர்பான புகாருக்கு 1913, அரசுத் துறை எதுவானாலும் முதல்வரின் முகவரி 1100, மின்சாரம் என்றால் மின்னகம் 94987 94987. எங்கே சொல்லணும் என்பது இங்கே இருக்கிற பலருக்கும் தெரிந்திருக்கும். எப்படி எழுதணும் என்பதுதான் இன்றைய பேச்சு. குறிப்பாக, ஆங்கிலத்தில் எழுதும்போது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷ்ல எழுதினாத்தான் மதிப்பு என்ற நினைப்பு வேண்டாம். தமிழ்நாட்டில் 1956 முதல் ஆட்சிமொழிச் சட்டம் இருக்கிறது. குறைகளைச் சொல்லும் மனுவை, நாட்டிலோ மாநிலத்திலோ பயன்படும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் தரலாம் என்று அரசியலமைப்பின் 350-வது பிரிவு சொல்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் 6-வது பிரிவும் அந்தந்தப் பகுதியின் ஆட்சிமொழியில் விண்ணப்பிக்க அனுமதிக்கிறது. அதனால மாநில அரசுக்கு எழுதும்போது தயங்காமல் தமிழில் எழுதுங்கள்.

ஆனால் ஆங்கிலம் இல்லாமல் முடியாத இடங்களும் உண்டு. பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை. வேலை செய்த கம்பெனியின் ஹெச்.ஆருக்கு மெயில், பி.எஃப். பணம் பற்றிய புகார், வங்கிக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் கடிதம் என்று பலதையும் ஆங்கிலத்தில்தான் அனுப்புகிறோம். அங்கே ஒரு வாக்கியம் பாதியில் நின்றால் வேலையும் பாதியில் நிற்கும். ‘போதிய விவரம் இல்லை’ என்று ஒரு வரியில் மனுவை முடித்துவிடலாம். நாம் மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்கணும்.

இரண்டு வகைப் பிழைகளைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று, கோணலான ஆங்கிலம். இன்னொன்று, முழுமை இல்லாத ஆங்கிலம். பலரும் முதலாவதற்குப் பயப்படுகிறோம். ஆபத்து இரண்டாவதில்தான்.

இதற்கு ஒரு பழைய கடிதம் நல்ல உதாரணம். 1909 ஜூலை 2 தேதியிட்டது. ஓகில் சந்திர சென் என்ற பயணி சாகிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு எழுதியதாகச் சொல்லப்படுவது. டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். பலாப்பழம் சாப்பிட்டு வயிறு உப்பிவிட்டது, அகமத்பூர் ஸ்டேஷனில் இறங்கி ஒதுங்கப் போனேன், கார்டு விசில் ஊதிவிட்டார், ஒரு கையில் சொம்பும் இன்னொரு கையில் வேட்டியுமாக ஓடி விழுந்தேன், எல்லார் முன்னாலும் மானம் போச்சு, வண்டியும் போச்சு என்று எழுதியிருக்கிறார். இலக்கணம் படு மோசம். இன்றைக்கும் படிப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் கவனியுங்கள். எந்த ஸ்டேஷன், என்ன நடந்தது, யாரால் நடந்தது, அந்தக் கார்டுக்கு அபராதம் போடணும் என்ற கோரிக்கை, எல்லாமே இருக்கிறது. ரயிலில் சாதாரண வகுப்புக்கும் கழிப்பறை வந்ததற்கு இந்தக் கடிதமும் ஒரு காரணம் என்று சொல்வார்கள்.

இப்போது நாம் வழக்கமாக அனுப்புவதைப் பாருங்கள்: ‘ரெஸ்பெக்டட் சார், ரிகார்டிங் ஸ்ட்ரீட் லைட் நாட் வொர்க்கிங். கைண்ட்லி டூ த நீட்ஃபுல்.’ மரியாதை இருக்கிறது. எந்தத் தெரு, எந்தக் கம்பம், எத்தனை நாளாக என்று எதுவும் இல்லை. ‘நீட்ஃபுல்’ என்றால் வேண்டியதைச் செய்யுங்கள் என்று அர்த்தம். வேண்டியது எது என்று நாம் சொன்னால்தானே தெரியும்?

வாக்கியம் ஏன் பாதியில் நிற்கிறது? அதற்குக் காரணம் நம் தமிழில் இருக்கிறது. ‘போன வாரம் விண்ணப்பித்தேன், இன்னும் வரலை’ என்பது தமிழில் முழு வாக்கியம். ‘விண்ணப்பித்தேன்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘நான்’ இருக்கிறது. அதையே ‘அப்ளைடு லாஸ்ட் வீக், நாட் ரிசீவ்டு’ என்று எழுதினால் விண்ணப்பித்தது நீங்களா, அம்மாவா, கம்பெனியா என்று தெரியாது. வராதது பணமா, கார்டா, பதிலா என்பதும் தெரியாது. ஆங்கில வினைச்சொல் ஆளைச் சுமக்காது. ‘ஐ’ என்றோ ‘மை மதர்’ என்றோ நாம்தான் தனியாக வைக்கணும்.

அடுத்தது, ‘பிகாஸ்’ என்று தொடங்கி அங்கேயே புள்ளி வைப்பது. ‘பிகாஸ் ட்ரெய்னேஜ் வாட்டர் இஸ் கம்மிங் இன்சைட்.’ பேச்சில் ‘ஏன்னா கழிவுத் தண்ணி உள்ள வருது’ என்று தனியாகச் சொல்லலாம். எழுத்தில் அது காரணம் மட்டும்தான். அதனால என்ன ஆச்சு, என்ன செய்யணும் என்ற மீதிப் பாதியையும் சேர்த்து எழுதுங்கள்.

இதழியல் வகுப்பில் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுக்கும் கேள்விகள் இங்கேயும் உதவும். யார்? என்ன? எங்கே? எப்போதிலிருந்து? மனுவுக்காக நான் ஒன்று கூட்டிக்கொள்வேன்: என்ன வேணும்?

பி.எஃப். புகாரை எடுத்துக்கொள்வோம். ‘பி.எஃப். அமவுண்ட் நாட் கிரெடிட்டட் சின்ஸ் லாங் டைம்’ என்பது பாதி வாக்கியம். இப்படி மாற்றலாம்: ‘ஐ அப்ளைடு ஃபார் மை பி.எஃப். ஆன் 5 மார்ச் இன் ஃபார்ம் 19. த மணி ஹாஸ் நாட் கம் டு மை பேங்க் அக்கவுண்ட். ப்ளீஸ் டெல் மீ த ரீசன் ஃபார் த டிலே.’ மூன்றும் சின்ன வாக்கியங்கள். மூன்றிலும் ஆள் அல்லது பொருள் இருக்கிறது, வினை இருக்கிறது. மேலே உங்கள் 12 இலக்க யூ.ஏ.என். எண்ணையும், விண்ணப்ப எண்ணையும் போட்டுவிட்டால் எதைத் தேடணும் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

தேதியில் ஒரு கவனம். 05/06 என்று எழுதினால் ஜூன் ஐந்தா, மே ஆறா? மாதத்தை எழுத்திலேயே எழுதுங்கள். ‘லாஸ்ட் மன்த்’ என்பதும் வேண்டாம். மனு எப்போது படிக்கப்படும் என்று நமக்குத் தெரியாது.

‘இட் வாஸ் டோல்டு டு மீ’ என்பது இன்னொரு கோணல். சொன்னது யார்? கவுன்ட்டரில் சொன்னார்களா, போனில் சொன்னார்களா, எந்தத் தேதியில்? பெயர் தெரியாவிட்டால் கவுன்ட்டர் எண்ணையாவது எழுதுங்கள்.

எதை விட்டுவிடலாம்? ‘டிஸ்கஸ் அபவுட்’, ‘ரிட்டர்ன் பேக்’, ‘ஐ ஆம் ஹேவிங்’ இதெல்லாம் இலக்கணப்படி தவறுதான். ஆனால் அர்த்தம் மாறவில்லை. மனு நிற்காது. நேரம் இருந்தால் திருத்துங்கள், இல்லையென்றால் கவலைப்படாமல் அனுப்புங்கள்.

இப்போது பலரும் தமிழில் பேசி, மொழிபெயர்ப்புச் செயலியில் ஆங்கிலமாக மாற்றுகிறோம். நல்ல வசதிதான். ஆனால் நாம் விட்ட இடத்தைச் செயலி தானாக நிரப்பும். ‘அம்மாவுக்கு ஓய்வூதியம் வரவில்லை. ஜனவரியிலேயே விண்ணப்பித்தார்’ என்று கொடுத்தால், இரண்டாவது வரியில் ‘ஹி’ என்று ஆணாக வந்துவிடலாம். அதனால தமிழிலேயே ‘என் அம்மா ஜனவரியில் விண்ணப்பித்தார்’ என்று ஆளைச் சேர்த்துக் கொடுங்கள். மாற்றிய பிறகு பெயர், ஊர், தெரு, எண், தேதி ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

ஏ.ஐ. செயலியில் கடிதம் கேட்டால் அழகான ஆங்கிலம் வரும். மூன்று பத்தி மரியாதை இருக்கும், கம்பம் எண் இருக்காது. சில சமயம் நீங்கள் சொல்லாததையும் சேர்த்துவிடும். உங்கள் கையெழுத்தில் போகிற ஒவ்வொரு வரிக்கும் நீங்கள்தான் பொறுப்பு. புரியாத வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆதார் எண், ஓ.டி.பி., வங்கிக் கணக்கு எண் இவற்றை அந்தச் செயலிகளில் தரவே வேண்டாம்.

நீளமும் தேவையில்லை. மத்திய அரசின் 2012-ம் ஆண்டு தகவல் உரிமை விதிகளே, விண்ணப்பம் பொதுவாக 500 சொற்களுக்குள் இருக்கணும் என்கின்றன. தெருவிளக்குக்கு 50 சொல் போதும்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை. நம் தெருவே தெரியாத ஒருவரிடம், ஆவடியிலோ பூந்தமல்லியிலோ இருக்கிற சொந்தக்காரரிடம், வாட்ஸ்அப்பில் அந்த மனுவை அனுப்புங்கள். ‘இதை வச்சு அந்த இடத்துக்கு வந்துடுவியா? என்ன செய்யணும்னு புரியுதா?’ என்று கேளுங்கள். அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டால், அந்தக் கேள்விக்கான பதில்தான் மனுவில் விடுபட்ட பாதி. அதைச் சேர்த்த பிறகு அனுப்புங்கள். வருகிற மனு எண்ணை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எழுதும்போது முதல் வரியே அந்த எண்ணாக இருக்கட்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். போனில் மனு ஏதாவது எழுதி வைத்திருந்தால் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்த்துத் திருத்தலாம்.