முடியாத பணியை ஒப்படைத்தல்

(ஆலுவாவில் நடைபெற்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா என்பது ஆடலுக்கும் பாடலுக்கும் மட்டும் உரிய நாளன்று. ஒருவர் பார்த்த பொறுப்பை மற்றொருவர் ஏற்கும் காலமும் ஆகும். ஆதலின் ஒப்படைப்பைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். நாம் எடுத்துக்கொண்டது கணக்கெழுதும் மென்பொருள்; அதிலும், பாதியில் நிற்கும் ஒரு வேலையைப் புதியவரிடம் எவ்வாறு ஒப்படைப்பது என்னும் கேள்வி.

மூலநிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை தருவது கட்டற்ற மென்பொருள். இஃது இம்மண்ணுக்குப் புதிதன்று. 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பெற்றது நம் திருவனந்தபுரத்திலேதான். கேரளத்து மேல்நிலைப் பள்ளிகளில் வணிகவியல் பயிலும் பிள்ளைகள் 'க்னூகாத்தா' என்னும் கட்டற்ற கணக்கு மென்பொருளைப் பாடமாகவே கற்றிருக்கின்றனர்.

உலக அளவில் இவ்வகையில் பெயர் பெற்றது 'க்னூகேஷ்'. ராபின் கிளார்க் என்பவர் தொடங்கிய நிரலை லினாஸ் வெப்ஸ்டாஸ் முதலானோர் ஏற்று வளர்த்தனர். 1997இல் தொடங்கிய பணியின் முதல் நிலைத்த பதிப்பு 1998இல் வெளிவந்தது. ஓர் இயங்குதளத்தில் ஓடும் மென்பொருளை மற்றொன்றிலும் ஓடச் செய்வது, ஒரு வயலின் நாற்றைப் பறித்து வேறொரு வயலில் நடுவது போன்றது. மண்ணும் நீரும் மாறினால் வேர் பிடிக்க நாளாகும். க்னூகேஷ் விண்டோஸ் தளத்துக்கு வந்து சேர்ந்தது 2007இல்தான். தொடக்கத்திலிருந்து எண்ணினால் பத்தாண்டுகள்! ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கென எழுந்த துணைச் செயலியோ சில ஆண்டுகள் வளர்ந்து, பின்னர் நின்றுபோயிற்று. ஆயினும் அதன் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. விரும்புவோர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மூலநிரல் கையிலிருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் முழுமையாக எழுத இயலாதன்றோ? அவ்வாறே, பத்தில் ஒரு பங்கை இரும எண்ணில் முழுமையாக எழுத இயலாது. பத்துப் பைசாவைக் கணினி மிதவைப் புள்ளி எண்ணாக வைத்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாத சிறு பிழை உடன் தங்கும். ஆயிரம் பதிவுகளைக் கூட்டும்போது ஐந்தொகை பொருந்தாமற் போகக்கூடும். அதனாலேயே க்னூகேஷ் தொகைகளை இரு முழு எண்களாலான பின்னமாக வைத்துக்கொள்கிறது. காரணம் அறியாத புதியவர், 'இஃதென்ன சுற்றுவழி!' என்று நேர்வழியாக்க முனைவார். மென்பொருள் ஓடும், கணக்குத்தான் தவறும். ஆகவே நிரலைவிட, நிரலின் காரணமே முதலில் ஒப்படைக்கத் தக்கது.

இந்த அறிவு நம் முன்னோர்க்கு இருந்தது. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்திய நகரத்தார், தம் மேலாட்களை மூன்றாண்டுத் தவணையில் அனுப்பினர். தவணை முடிந்தவர் ஊர் திரும்புவார். புதியவர் பெட்டியடியில் அமர்வார். அன்றைக்குள் எல்லாக் கடனும் வசூலாகிவிடுமா? ஆகாது. முடியாத கணக்கு முடியாததாகவே கைமாறும். பெட்டியிலுள்ள ரொக்கத்தை எண்ணிக் கொடுப்பது எளிது. வரவேண்டியது எவ்வளவு, எவரிடம், எவர் சொல் நம்பத்தக்கது என்பதைக் கொடுப்பதே அருமை. அதைக் கொடாதவர் கடையைக் கொடுத்தவராகார்.

மென்பொருளுக்கும் இதுவே முறை. ஒப்படைப்பவர் மூன்றினைத் தரவேண்டும். ஒன்று, முடிந்தது இது, முடியாதது இது என்னும் பட்டியல். இரண்டு, இவ்வாறு ஏன் செய்தோம், எதை முயன்று கைவிட்டோம் என்னும் குறிப்பு. மூன்று, சரிபார்க்கும் சோதனைக் கணக்கு: பழைய தளத்திலும் புதிய தளத்திலும் ஒரே பதிவுகளை இட்டால் ஒரே இருப்பு, ஒரு பைசாவும் பிசகாமல், வரவேண்டும்.

ஏற்பவர்க்கும் கடமை உண்டு. வந்தவுடன் பழையதை இடித்துப் புதிதாகக் கட்டும் ஆசை இளமைக்கு இயல்பு. முதலில் படியுங்கள், பின்னர்ச் சிறு பிழையொன்றைத் திருத்துங்கள், அதன் பின்னரே பெருவேலையில் கை வையுங்கள். முன்னவரின் பெயரை அழிக்காதீர்கள்.

காக்கநாட்டில் கணினிப் பணி புரியும் நம் இளைஞர்களுக்கு ஒரு சொல். ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில், பொதுநலத்துக்காக எழுதிய நிரலை வேலை மாற்றமோ குடும்பப் பொறுப்போ இடையில் நிறுத்திவிடலாம். அதில் இழுக்கில்லை. சொல்லாமல் விட்டுப் போவதே இழுக்கு. ஏனெனில் அதை நம்பிக் கணக்கெழுதும் சிறு கடைக்காரர் எங்கோ ஒருவர் இருப்பார். விட நேர்ந்தால் நாளைக்கென்று தள்ளாமல், நினைவு பசுமையாக இருக்கும்போதே எழுதி வைத்து, ஏற்பவரைத் தேடிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். முடித்தவர்க்குரிய பெருமையில் அவ்வாறு கொடுத்தவர்க்கும் பங்குண்டு.