புல்லுக்குள் கிடக்கும் கண்ணாடி விரியன்



வரப்பிலே புல் அறுக்கும்போது நம் கைக்கு எட்டுகிற தூரத்தில் படுத்திருக்கக்கூடிய பாம்பு கண்ணாடி விரியன். அதைப் பற்றி இன்று பேசுவோம்.

முதலில் அடையாளம். பருத்த உடம்பு, முக்கோணத் தலை, குட்டை வால். பழுப்பு உடம்பில் சங்கிலி கோத்தாற்போல மூன்று வரிசைக் கரும்புள்ளிகள். மூன்று, நாலு அடி வளரும். மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுத்து ஆபத்தில் சிக்கியவர்கள் உண்டு.

அடர்ந்த காட்டைவிடப் புல்வெளி, புதர், வேலியோரம், வயல் இவைதான் இதற்குப் பிடித்த இடம். காரணம் எலி. எலி எங்கேயோ, விரியனும் அங்கே. சாரைப்பாம்பு ஆளைக் கண்டால் ஓடிவிடும். இது ஓடாதுங்க. தன் நிறத்தை நம்பி அசையாமல் கிடக்கும். நெருங்கினால் குக்கர் போலச் சீறும். அந்தச் சத்தம் கேட்டால் அப்படியே நின்று, பாம்பு எங்கே என்று பார்த்து, மெதுவாகப் பின்வாங்குங்கள்.

இது முட்டையிடுவதில்லை, குட்டி போடும். ஓர் ஈற்றில் 20 முதல் 40 குட்டிகள் சாதாரணம். பிறந்த குட்டிக்கும் விஷம் உண்டு. இரவில்தான் நடமாட்டம் அதிகம். குளிர்காலத்தில் பகலிலும் வெளியே வரும்.

ஆகவே, இரவில் தண்ணீர் பாய்ச்சப் போனால் டார்ச் விளக்கும் முழங்கால்வரை ரப்பர் பூட்சும் வேண்டும். புல்லைக் கம்பால் தட்டிப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். வீட்டருகே வைக்கோல், விறகு, குப்பை சேர விடாதீர்கள். எலி குறைந்தால் பாம்பும் குறையும்.

கடித்துவிட்டால்? கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள், வீக்கம் வரும். கடிபட்டவரை நடக்க விடாமல், கை காலை அசைக்காமல், அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். பச்சிலை, மந்திரம் என்று ஒரு நிமிடமும் போக்காதீர்கள். இந்த விஷம் ரத்தத்தை உறைய விடாது, சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அங்கே ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் ஆடாமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். சும்மா உட்கார வைத்திருக்கிறார்களே என்று கோபித்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோகவும் வேண்டாம். நாகம், கட்டுவிரியன், சுருட்டை விரியன், கண்ணாடி விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுத்த விஷத்திலிருந்தும் அந்த மருந்து தயாராகியிருக்கிறது.

கையில் கம்பு, காலில் பூட்ஸ், இரவில் விளக்கு. இந்த மூன்றையும் மறவாதீர்கள்.