உங்கள் வலிமைக்கு ஏற்ற வில்

(மணலூர்பேட்டையில் நிகழ்த்தப்பெற்ற ஜுமுஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனுடைய அருளும் சாந்தியும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



நபித்தோழர் உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் முதுமை அடைந்த பின்னரும் இரண்டு இலக்குகளுக்கு இடையே நடந்து நடந்து அம்பெய்து பழகிக்கொண்டிருந்தார்கள். இந்த வயதில் இது உங்களுக்குச் சிரமமாயிற்றே என்று ஒருவர் வினவினார். அதற்கு அவர்கள் தந்த விடை ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அம்பெய்யக் கற்றுக்கொண்டு பின்னர் அதைக் கைவிடுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததைக் கேட்டதனாலேயே, தாம் அதை விடாமல் செய்துவருவதாக அவர்கள் கூறினார்கள்.

சகோதரர்களே! கல்லாமல் இருந்தவரைப் பற்றிய எச்சரிக்கை அன்று இது. கற்றபின் கைவிட்டவரைப் பற்றியது. ஆகவே, வில் வாங்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது, "இது என்னை எவ்வளவு தூரம் எய்ய வைக்கும்?" என்பதன்று. "இதை நான் எத்தனை ஆண்டுகள் எய்வேன்?" என்பதே.

என் தவறு

இதை நான் என் தவறிலிருந்து கற்றேன். 2014 முதல் 2019 வரை ஒளிபரப்பான 'எர்துக்ருல்' என்னும் துருக்கித் தொடரைப் பார்த்த நம் பிள்ளைகள் பலருக்கு வில்லின் மீது ஆசை பிறந்தது. என் சகோதரியின் மகனும் அவர்களுள் ஒருவன், பதினாறு வயது. "மாமா, துருக்கி வில் வாங்கித் தாருங்கள்" என்றான். ஆண்பிள்ளைக்கு வலுவான வில்தானே அழகு என்று எண்ணி, 50 பவுண்டு இழுவிசையுள்ள வில்லை வாங்கிக் கொடுத்தேன். நாணைப் பாதி இழுப்பதற்குள் அவனுக்குக் கை நடுங்கியது. முதுகை வளைத்தும் தோளை உயர்த்தியும் எப்படியோ இழுத்தான். மூன்றாம் வாரம் தோள்வலி வந்தது. நான்காம் வாரம் வில் சுவரில் தொங்கியது. இன்றும் அங்கேதான் தொங்குகிறது. அந்தப் பிள்ளை கைவிட்டதற்கு நானும் பொறுப்பாளி என்ற எண்ணம் என்னை விட்டு நீங்கவில்லை.

வளைவில்லின் வரலாறு

வில்லாண்மை நம் மண்ணுக்குப் புதிதன்று. நம்மூரைத் தொட்டு ஓடும் தென்பெண்ணையின் கரையில் திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி, கொல்லிமலையின் வல்வில் ஓரியைப் போரில் கொன்றவன். ஓரியின் வில்லாற்றலைச் சங்கப் புலவர்கள் பாடியுள்ளனர். அவன் பெயரால் ஆடி மாதம் கொல்லிமலையில் அரசு நடத்தும் விழாவில் வில்வித்தைப் போட்டியும் நடைபெறுகிறது.

நம் இளைஞர்கள் இன்று தேடுவது துருக்கியர், மம்லூக்குகள், முகலாயர் ஆகியோர் கையாண்ட வளைவில்லை. நாண் பூட்டாதபோது அதன் நுனிகள் எதிர்ப்புறமாக வளைந்து நிற்கும். நடுவில் மரம், உட்புறம் எருமைக் கொம்பு, வெளிப்புறம் விலங்கின் தசைநார். இவற்றை வஜ்ஜிரப் பசையால் ஒட்டிச் செய்வார்கள். இழுக்கும்போது கொம்பு அமுங்கும், தசைநார் நீளும். அதனால்தான் குதிரை மீதிருந்து எய்யக்கூடிய குட்டையான வில்லிலும் பேராற்றல் அடங்கியது.

உஸ்மானியரின் போர்விற்கள் 100 பவுண்டைத் தாண்டும் இழுவிசை கொண்டவை. 1798இல் சுல்தான் மூன்றாம் ஸலீம் எய்த அம்பு 800 மீட்டருக்கும் அப்பால் சென்று விழுந்தது. ஆயினும் இஸ்தான்புல்லில் வில் பயில வந்த மாணவனிடம் ஆசிரியர்கள் முதலில் கொடுத்தது 'கெபாஸெ' என்னும் மென்மையான பயிற்சி வில்லையே. அம்பு தொடுக்காமல் அதன் நாணை நாள்தோறும் பலமுறை மெதுவாக இழுத்து, மெதுவாகத் தளர்த்த வேண்டும். உடல் பக்குவம் அடைந்த பின்னரே அடுத்த வில். சாதனை படைத்த சமுதாயமே மெல்லிய வில்லில்தான் தொடங்கியது. நாமோ அவர்கள் முடித்த இடத்தில் தொடங்க ஆசைப்படுகிறோம்!

எதைப் பார்த்து வாங்குவது?

முதலாவது, இழுவிசை. புதிதாகத் தொடங்கும் ஆணுக்கு 25 முதல் 30 பவுண்டு, பெண்ணுக்கு 20 முதல் 25, வளரும் பிள்ளைகளுக்கு 15 முதல் 20, சிறுவர்களுக்கு அதனினும் குறைவு என்பது பொதுவான அளவு. 30 பவுண்டு என்பது ஏறத்தாழ 13.6 கிலோ. முழுமையாக இழுத்த நிலையில் கை நடுங்காமல், மூச்சு முட்டாமல் சில விநாடிகள் நிற்க முடிகிறதா? அப்படியானால் அது உங்கள் வில். இல்லையெனில் அது பிறர் பார்த்து வியப்பதற்கான வில். எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்பது திருமறை தரும் பாடம் (2:286). அவன் சுமத்தாத சுமையை நாம் ஏன் நம் பிள்ளையின் தோளில் சுமத்த வேண்டும்?

இரண்டாவது, இழுக்கும் நீளம். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து, அதை இரண்டரையால் வகுங்கள். 65 அங்குலம் வந்தால் உங்கள் இழுநீளம் 26 அங்குலம். வில்லில் எழுதியுள்ள பவுண்டு பெரும்பாலும் 28 அங்குலத்துக்கு உரியது. ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டு, மூன்று பவுண்டு குறையும். துருக்கி வகை வில் குட்டையானது. நெடிய கை உடையவர் அதை அளவுக்கு மீறி இழுத்தால் முறிந்துவிடும். எத்தனை அங்குலம் வரை இழுக்கலாம் என்று வில் செய்தவரிடம் கேட்டறியுங்கள். கை நீண்டவர்க்குச் சற்றே நீளமான ஹங்கேரிய வகை பொருந்தும்.

மூன்றாவது, பொருள். கொம்பும் தசைநாரும் கொண்ட வில் அழகானது, விலையும் மிகுதி. ஆனால் வஜ்ஜிரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி இளகும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் அதற்குப் பகை. நம் பருவநிலைக்கும் தொடக்கநிலைக்கும் மரத்தோடு ஃபைபர்கிளாஸ் சேர்த்துச் செய்த வில்லே போதுமானது. அதையும் வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டுவைக்கக் கூடாது; எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிட வேண்டும். அம்பில்லாமல் இழுத்த நாணைத் திடீரென விடவே கூடாது. அம்புக்குச் செல்ல வேண்டிய விசை முழுவதும் வில்லையே தாக்கி உடைத்துவிடும்.

நான்காவது, எய்யும் முறை. மூன்று விரலால் இழுப்பவர் அம்பை வில்லின் இடப்புறம் வைப்பார். துருக்கியரைப் போல் கட்டைவிரலில் வளையம் அணிந்து இழுப்பவர் வலப்புறம் வைப்பார். இது வலக்கையால் நாண் இழுப்பவருக்கான வழக்கம். எதைக் கற்பது என்று முடிவுசெய்துவிட்டு வில்லைத் தேடுங்கள். இவ்வகை விற்களில் அம்பு உங்கள் கையின் மீதே உராய்ந்து செல்லும். ஆகவே பிளாஸ்டிக் இதழ் வேண்டாம். இறகு கட்டிய அம்பையே வாங்குங்கள். தண்டின் விறைப்பும் வில்லின் விசைக்குப் பொருந்த வேண்டும். நலிந்த தண்டு எய்யும்போதே முறிந்து கையில் பாயக்கூடும்.

வில்லோடு வரும் ஒழுக்கம்

பள்ளிவாசல் வழியாகவோ கடைவீதி வழியாகவோ அம்புடன் செல்பவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள் (புகாரீ, முஸ்லிம்). உயிருள்ள எதனையும் எய்து பழகும் இலக்காக ஆக்குவதையும் தடுத்தார்கள். கல்வராயன் மலைக்காடு அருகில் இருக்கிறதே என்று எந்த இளைஞரும் அங்கே வில்லை எடுத்துச் செல்ல வேண்டாம். வனவிலங்கு வேட்டையை 1972ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது. வறண்டு கிடக்கும் ஆற்றுமணலும் எய்யும் இடமன்று. அங்கே மனிதர் நடக்கிறார்கள். ஆடு மாடு மேய்கின்றன. பின்னால் யாரும் வர முடியாத இடத்தில், வைக்கோலை இறுக்கிக் கட்டிய இலக்கை வைத்து, பெரியவர் ஒருவர் உடனிருக்கப் பழகுங்கள்.

அஸ்லம் குலத்தார் அம்பெய்து போட்டியிட்டபோது, தாம் ஓர் அணியின் பக்கம் என்று நபியவர்கள் கூற, மற்ற அணியினர் எய்வதையே நிறுத்திவிட்டார்கள். உடனே, எய்யுங்கள், நான் உங்கள் அனைவருடனும் இருக்கிறேன் என்ற கருத்தில் கூறி, அவர்களைத் தொடரச் செய்தார்கள் (புகாரீ). ஒருவர்கூட மனம் தளர்ந்து வில்லைக் கீழே வைத்துவிடக் கூடாது என்பதில் அவர்களுக்கு எத்துணை அக்கறை!

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ வில் கேட்டால் ஏளனம் செய்யாதீர்கள். அவசரப்பட்டு வாங்கியும் விடாதீர்கள். கையை அளந்து, வலிமையை அறிந்து, அதற்குச் சற்றுக் குறைந்த வில்லையே கொடுங்கள். சென்ற மாதம் என் மருமகனுக்கு 25 பவுண்டு வில் ஒன்றை வாங்கித் தந்தேன். "மாமா, இது விளையாட்டு வில் போல இருக்கிறதே" என்று சிரித்தான். ஆனால் மறுநாளும் எய்தான். அதற்கு மறுநாளும் எய்தான். அல்ஹம்து லில்லாஹ்!

தொடங்கிய நற்செயலை இறுதிவரை தொடரும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம்மையும் நம் சந்ததியினரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.