ஹந்தானைச் சரிவுக்கு ஏற்ற சிறு வண்டி

கண்டி மாநகரின் தென்மேற்கே, மகாவலி கங்கை வளைந்தோடும் பேராதனைக்கும் நகருக்கும் நடுவே, எழுந்து நிற்பது ஹந்தானை மலைத்தொடர். அதன் அடிவாரத்திற் பல்கலைக்கழகமும், இடைச்சரிவிலே தேயிலைத் தோட்டங்களும் லயங்களும், ஆங்காங்கே பைன் மரச் சோலைகளும், மேலே மானாப்புல் அடர்ந்த வெளிகளும் அமைந்துள்ளன. சமதரை என்பது அங்கே அரிது. தோட்டத்துப் பாதை ஏறும், இறங்கும், திடீரென வளையும். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் கான். பெரிய ஜீப் வண்டியே மூச்சுத் திணறும் இந்நிலத்தில், ஒரு முழ நீளமுள்ள விளையாட்டு வண்டி ஓடுமா என்று ஐயுறுவோர் உண்டு. ஏற்ற வண்டியாயின் ஓடும். அத்தகைய வண்டியைக் கைப்பொருளுக்குள் அடங்குமாறு தெரிந்தெடுப்பது எவ்வாறு என்பதே இப்பேச்சின் பொருளாகும்.

நேயர்களின் வீட்டு வானொலிப் பெட்டிக்குப் பேச்சையும் பாட்டையும் சுமந்து வரும் அலைக்கு உறவான அலையே இவ்வண்டியையும் இயக்குகிறது. 1898ஆம் ஆண்டிலே நிக்கோலா தெஸ்லா என்னும் அறிஞர், நியூயோர்க் நகரில் ஒரு சிறு படகைக் கம்பித் தொடர்பின்றித் தொலைவில் நின்றே திருப்பிக் காட்டினார். பின்னர் அவ்வித்தை விளையாட்டுப் பொருளாகவும் வளர்ந்தது. யப்பானியத் தாமியா நிறுவனம் 1976இல் வானொலி அலையால் இயங்கும் மின்மோட்டார்க் காரையும், 1979இல் மணலிலும் மேட்டிலும் ஓடும் ‘பகி’ வகை வண்டிகளையும் வெளியிட்டது. அந்தப் பகிகளிற் பின்சில்லுகள் மட்டுமே இயங்கின. அந்நிறுவனத்தின் முதலாவது நான்கு சில்லு இயக்கப் பகி, ‘ஹொட்ஷொட்’ என்னும் பெயருடன் 1985இல் வந்தது. பந்தயக்காரரின் அரும்பொருளாயிருந்த அம்முறை, இன்று சீனத் தொழிற்சாலைகளின் பயனாய் எளிய குடும்பமும் எண்ணிப் பார்க்கத்தக்க விலைக்கு இறங்கியுள்ளது. ஆயினும் எண்ணிப் பார்த்தல் வேறு. எண்ணாமல் வாங்குதல் வேறு.

ஹந்தானைச் சரிவில் வாழும் ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்ளலாம். தகப்பனார் மாதச் சம்பளக்காரர். மகனுக்கு வயது பன்னிரண்டு. பரீட்சையில் நல்ல புள்ளி பெற்றால் வண்டி வாங்கித் தருவதாக வாக்களித்து, ஓராண்டாகச் சிறிது சிறிதாகப் பணம் சேர்த்து வைத்திருக்கிறார். மகன் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டி, “அப்பா, இது மணிக்கு 60 கிலோமீற்றர் ஓடுமாம்” என்கிறான். தகப்பனாரோ, “ஓடட்டும் தம்பி, உடைந்தால் எங்கே திருத்துவது?” என்று கேட்கிறார். வண்டி வாங்கும் கலை முழுவதும் இந்த இரு வாக்கியங்களுக்கு இடையே அடங்கியிருக்கிறது.

முதலில் மகனின் வாக்கியத்தை நோக்குவோர் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்த்தல் நன்று. மணிக்கு 60 கிலோமீற்றர் என்பது ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீற்றர். கண் கண்டதைக் கை நிறைவேற்றுவதற்குக் கால் விநாடியேனும் செல்லும். அதற்குள் வண்டி 4 மீற்றரைக் கடந்துவிடும். தோட்டப் பாதையின் அகலமோ அதற்கும் குறைவு. ஆகவே, அவ்வேகத்தில் விட்ட வண்டி வளைவைக் காணுமுன்னரே கானுக்குள் இறங்கியிருக்கும். பொழுதுபோக்காக ஓட்டுபவனுக்கு மணிக்கு 25 அல்லது 30 கிலோமீற்றர் வேகமே தாராளம். விளம்பரத்தில் முதலிடம் பெறும் வேகம், ஹந்தானையிற் கடைசி இடத்தில் வைத்து எண்ணத்தக்கது.

அவ்வாறாயின் முதலிடம் பெறுவது எது? நான்கு சில்லுகளும் இயங்குவதே. வண்டி மேட்டில் ஏறும்போது அதன் பாரம் பின்னுக்குச் சாய்கிறது. பின்சில்லு மாத்திரம் உந்துமாயின் முன்பக்கம் இலேசாகித் திசை மாறுகிறது. ஈர மண்ணிலும் உதிர்ந்த பைன் ஊசியிலைகளின் மேலும் பின்சில்லு சுழன்று வழுக்க, வண்டி பம்பரம்போற் சுற்றிவிடும். முன்சில்லும் சேர்ந்து இழுக்குமாயின், பழக்கமில்லாத கையும் வண்டியை நேராகச் செலுத்தலாம். மேட்டுநிலப் பழக்கத்தைப் புதிதாகத் தொடங்குவோருக்கு நான்கு சில்லு இயக்கம் ஆடம்பரம் அன்று, அதுவே ஊன்றுகோல்.

எனினும், நான்கு சில்லும் இயங்கும் என்ற சொல்லோடு திருப்தியடைதல் ஆகாது. மோட்டாரின் வலு முன்னும் பின்னும் எவ்வாறு செல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சில வண்டிகளிற் பற்களுள்ள இறப்பர் வார் அதனைக் கொண்டு செல்லும். வேறு சிலவற்றில் நடுவே ஓடும் உலோகத் தண்டு கொண்டு செல்லும். வார் ஓசையின்றி ஓடும். ஆனால் ஒரு சிறு கல் புகுந்தாற் பல் சிதையும். பரல் மண் நிறைந்த தோட்டப் பாதைக்குத் தண்டு முறையே தக்கது. பற்சில்லுகள் பெட்டிக்குள் மூடப்பட்டிருத்தல் இன்னும் நன்று. மோட்டாரோடு பொருந்தும் பெரிய பற்சில்லு திறந்திருக்கும் வண்டியாயின், அதற்கு ஒரு மூடியைப் பொருத்துவதே வாங்கியவன் செய்யவேண்டிய முதல் வேலை.

டிபரென்ஷியல் என்னும் உறுப்பும் கவனிக்கத்தக்கது. வளைவிலே வெளிச்சில்லு கூடுதலாகவும் உட்சில்லு குறைவாகவும் சுழல இடமளிப்பது அது. ஆனால் ஒரு சில்லு பள்ளத்தின் மேல் அந்தரத்தில் நின்றால், வலு முழுவதும் அந்த வெறுஞ்சில்லுக்கே ஓடிப்போகும். மண்ணைப் பற்றிய சில்லு சும்மா நிற்கும். அதனுள்ளே தடித்த சிலிக்கோன் எண்ணெயை அல்லது கெட்டியான கிறீசை இட்டால் இக்குறை பெரிதும் தணியும். எனவே, டிபரென்ஷியலை இலகுவாகக் கழற்றிப் பூட்டக்கூடிய வண்டியைத் தேர்தல் வேண்டும்.

அடுத்தது பருமன். மூலக் காரின் பதினெட்டில் ஒரு பங்கு, பதினான்கில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு என்ற அளவுகளில் இவ்வண்டிகள் வருகின்றன. பதினெட்டில் ஒரு பங்கு வண்டி முற்றத்திற்கும் வாசலுக்கும் இனியது, விலையும் குறைவு. ஆயினும் நான்கு விரல் உயரப் புல்லே அதற்குக் காடு. பதினான்கில் ஒரு பங்கு வண்டி தோட்டப் பாதைக்குப் போதும். பத்தில் ஒரு பங்கு வண்டி கல்லையும் வேரையும் எளிதிற் கடக்கும். ஆனால் அதற்குரிய டயர், மின்கலவடுக்கு யாவும் கூடிய விலையின. எவ்வளவு பெரிய பகியும் மானாப்புற் புதருக்குள் ஓடாது என்பதை முன்னரே மகனுக்குச் சொல்லி வைத்தல் நலம். மழைக்குப் பின் வண்டியைத் தேடிப் புல்லுக்குள் இறங்குவோரை அட்டைகளே வரவேற்கும்.

மோட்டார் இருவகை. தூரிகையுள்ளது மலிவானது, மெதுவாக நகரும்போதும் இழுவை சீராயிருக்கும், தேய்ந்தாற் சிறு செலவில் மாற்றலாம். தூரிகையற்றது நெடுநாள் உழைக்கும், வேகமும் மிகும். ஆனால் அதற்குரிய கட்டுப்பாட்டுக் கருவியும் விலை கூடியது. தொடங்குவோனுக்குத் தூரிகையுள்ள மோட்டாரே போதுமானது. மேடு ஏறும் வண்டியின் மோட்டாரிற் சிறிய பற்சில்லைப் பொருத்தினால் வேகம் குறைந்து இழுவை கூடும், மோட்டாரும் சூடேறாது. ஐந்து நிமிடம் ஓட்டியபின் மோட்டாரின் அருகே விரலைக் கொண்டுபோய்ப் பார்க்கலாம்; தொடமுடியாத சூடாயின் வண்டிக்கு ஓய்வு கொடுத்து, பற்சில்லையும் சிறிதாக்க வேண்டும்.

இனி மின்கலவடுக்கு. நிக்கல்–உலோக ஐதரைட்டு வகையில் 1.2 வோல்ற்றுக் கலங்கள் ஆறு சேர்ந்து 7.2 வோல்ற்று ஆகும். அது பாரமானது, ஆயினும் சிறுவர் கையின் பிழைகளை ஓரளவு பொறுக்கும். இலிதியம்–பொலிமர் வகையிலே 3.7 வோல்ற்றுக் கலங்கள் இரண்டு சேர்ந்து 7.4 வோல்ற்று ஆகும். இது இலேசானது, வலு மிக்கது, ஆனால் ஒரு கலம் 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினாற் பழுதாகும், 4.2 வோல்ற்றுக்கு மேல் ஏற்றினால் தீப்பிடிக்கவுங்கூடும். இதனைக் கட்டிலின் மேலோ பலகை மேசையிலோ வைத்து மின்னேற்றலாகாது. சீமெந்துத் தரையில், பெரியவர் ஒருவரின் கண்பார்வையில் ஏற்றுதல் வேண்டும். வீங்கிய மின்கலவடுக்கை ஒருபோதும் மீண்டும் பயன்படுத்தலாகாது. ஓடும் நேரத்தையும் கணக்கிடலாம். 1500 மில்லியம்பியர்-மணி கொள்ளளவுள்ள அடுக்கிலிருந்து வண்டி சராசரியாக 9 அம்பியர் இழுத்தால், 10 நிமிடத்தில் அது தீர்ந்துவிடும். லயத்திலிருந்து மைதானத்துக்கு நடக்கும் நேரமே அதனினும் கூடுதலாகலாம். எனவே இரண்டாவது அடுக்கு ஒன்று இன்றியமையாதது.

கண்டிப் பிரதேசம் தென்மேற்குப் பருவமழையையும் வடகீழ்ப் பருவமழையையும் காண்பது. ஐப்பசி, கார்த்திகையிற் பிற்பகல் மழை கொட்டும். ‘நீர் புகாது’ என்று பெட்டியில் எழுதியிருப்பது பெரும்பாலும் மின் கருவிகளையே குறிக்கும். குண்டுப் போதிகைகளும் திருகாணிகளும் துருப்பிடிப்பதை அவ்வெழுத்துத் தடுக்காது. ஓட்டம் முடிந்ததும் சேற்றைத் தூரிகையால் நீக்கி, துணியால் ஒற்றி, போதிகைக்கு ஒரு துளி எண்ணெய் இட்டு வைத்தாற் பல ஆண்டு உழைக்கும்.

இப்பொழுது தகப்பனாரின் கேள்விக்கு வரலாம்: உடைந்தால் எங்கே திருத்துவது? பகி உடையாமல் இராது. முன்சில்லைத் தாங்கும் கை, அச்சுமுனை, பற்சில்லு ஆகியன முதலில் உடைபவை. இவை தனித்தனியே விலைக்குக் கிடைக்கும் வண்டியையே வாங்க வேண்டும். கடைக்காரரிடம், “எவ்வளவு வேகம் ஓடும்?” என்பதற்கு முன், “முன்கை தனியாகக் கிடைக்குமா?” என்று கேட்பவரே அறிவாளர். பெயரில்லாப் பெட்டியில் வரும் மலிவு வண்டிக்கு உதிரிப்பாகம் இல்லையாயின், ஒரு பற்சில்லு உடைந்த அன்றே முழு வண்டியும் குப்பையாகும்; அதுவே உலகில் மிக விலையுயர்ந்த வண்டி.

உதாரணமாக இரண்டைச் சொல்லலாம். சீனத்து டபிள்யூஎல் டோய்ஸ் நிறுவனத்தின் 144001 என்னும் பகி, பதினான்கில் ஒரு பங்கு அளவினது. உலோக அடித்தட்டும் தண்டு இயக்கமும் உடையது. கட்டி முடிக்கப்பட்டே வருவது. அதன் 60 கிலோமீற்றர் வேகம் தேவைக்கு மிஞ்சியதெனினும், விசையைப் பாதி அழுத்தி ஓட்டப் பழகுவது கடினமன்று. தாமியாவின் ‘டிடி–02பி’ பத்தில் ஒரு பங்கு அளவினது. தண்டு இயக்கமும் மூடிய பற்சில்லுப் பெட்டிகளும் உடையது. துண்டு துண்டாக வந்து வீட்டிலே பொருத்தப்படுவது. அதற்குக் கட்டுப்பாட்டுக் கருவியும் மின்கலவடுக்கும் மின்னேற்றியும் தனியே வாங்கவேண்டுமாதலாற் செலவு கூடும். ஆனால் தன் கையாற் பூட்டிய சிறுவன், உடைந்ததையும் தன் கையாலே மாற்றுவான். அன்றாட விளையாட்டுக்கும் சிறு பணப்பைக்கும் முன்னதும், பொறியறிவை விரும்பும் பிள்ளைக்கும் சற்றே பொறுத்திருக்கக்கூடிய தகப்பனாருக்கும் பின்னதும் பொருந்தும்.

எதை வாங்கினும், சேர்த்த பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடலாகாது. நூறு ரூபா இருப்பின் எழுபது ரூபாவுக்குள் வண்டியை முடித்து, முப்பது ரூபாவை இரண்டாவது மின்கலவடுக்குக்கும், இரண்டு முன்கைகளுக்கும், ஒரு நல்ல திருப்புளிக்குமாக ஒதுக்கிவைத்தல் வேண்டும். கட்டுப்பாட்டுக் கருவி 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் இயங்குவதாயிருத்தல் நன்று. 27 மெகாஹேர்ட்ஸ் கருவிகளில் இரு பிள்ளைகள் ஒரே அலைவரிசையில் ஓட்டினால் ஒருவன் வண்டி மற்றவன் சொற்கேட்டு ஓடும். புதிய முறையில் அக்குழப்பம் இல்லை.

இறுதியாக, ஓட்டும் இடம். ஹந்தானை மலைப்பகுதி 2010ஆம் ஆண்டிலே சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அங்கு ஊறும் நீரை நம்பிக் கீழே ஊர்கள் வாழ்கின்றன. மேட்டுப் புல்வெளியிலே சில்லுத் தடம் பதித்து மண்ணைக் கிளறுதல் முறையன்று. மழை வந்தால் அத்தடமே நீரோடையாகி மண்ணை அரிக்கும். தோட்டப் பாதையும் பலருக்கு உரியது: கூடை சுமந்து வரும் பெண்கள், பள்ளி செல்லும் சிறுவர், பால் கொண்டுபோவோர் யாவரும் நடக்கும் வழி. வேலை முடிந்த மாலையிற் பிரட்டுக்களம், விடுமுறை நாளிற் பாடசாலை மைதானத்து ஓரம், வீட்டின் பின்புறத்து மண்மேடு ஆகியன, உரியவரிடம் கேட்டுக்கொண்ட பின், வண்டி ஓட்டத் தக்க இடங்கள்.

அந்தத் தகப்பனார் இவற்றையெல்லாம் கேட்டறிந்து, நிதானமாகவே வாங்கினார் என்று கொள்ளலாம். முதல் வாரத்திலேயே முன்கை ஒன்று கல்லில் மோதி முறிகிறது. பிள்ளையின் முகம் வாடுகிறது. ஆனால் பெட்டியில் உதிரிப்பாகம் உண்டு, திருப்புளியும் உண்டு. விளக்கடியில் இருவரும் அமர்ந்து அதை மாற்றுகின்றனர். மறுநாள் மாலை, அதே மேட்டில், அதே வண்டி மீண்டும் ஏறுகிறது. ஓராண்டுச் சேமிப்பு வீண்போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.