ஈர்ப்பும் விழுமா?



1971 ஆகஸ்டில், அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் நின்றபடி ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் வல்லூறின் இறகும் பிடித்தார். இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டார். தொலைக்காட்சிக் கேமராவின் முன்னால் இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. காற்றில்லாத இடத்தில் கனமென்றும் லேசென்றும் ஈர்ப்பு பேதம் பார்ப்பதில்லை.

ஐன்ஸ்டைன் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு பொருளைக் கட்டிவைத்திருக்கும் அதன் சொந்த ஈர்ப்புக்கும் ஆற்றல் உண்டு. ஆற்றல் இருந்தால் அதற்குரிய நிறையும் உண்டு. அந்த நிறையும் மற்றதைப் போலவே விழும் என்கிறது அவருடைய பொதுச் சார்பியல்.

இதற்கு மாற்றாக வந்த கோட்பாடுகள் பல. அவற்றில் புகழ்பெற்றது 1961இல் கார்ல் பிரான்ஸும் ராபர்ட் டிக்கியும் முன்வைத்தது. அண்டமெங்கும் பரவிய இன்னொரு புலமும் ஈர்ப்பில் பங்கு கொள்கிறது என்பது அவர்கள் வாதம். அது சரியானால், சொந்த ஈர்ப்பு மிகுந்த பொருள் சற்றே மாறுபட்டு விழ வேண்டும்.

சுத்தியலை வைத்து இதைச் சோதிக்க முடியாது. பூமிகூடச் சரிப்படாது, அதன் சொந்த ஈர்ப்பாற்றல், மொத்த நிறையில் ஆயிரம் கோடியில் 5 பங்குதான். நியூட்ரான் விண்மீனின் கதை வேறு. சூரியனைவிட அதிகமான நிறை, சுமார் 25 கிலோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அங்கே அந்தப் பங்கு பத்தில் ஒன்றை எட்டுகிறது.

சரி, அதை எதன் பக்கம் விழவைப்பது?

இயற்கையே அதற்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தது. ரிஷப ராசித் திசையில் சுமார் 4,200 ஒளியாண்டுத் தொலைவில் மூன்று விண்மீன்கள் கொண்ட ஒரு குடும்பம் இருப்பதாக 2014இல் அறிவிப்பு வந்தது. அதில் ஒரு நியூட்ரான் விண்மீனும், அதைவிடச் சொந்த ஈர்ப்பு மிகக் குறைந்த ஒரு வெண்குறுமீனும் 1.6 நாளுக்கு ஒருமுறை சுற்றிக்கொள்கின்றன. அந்த ஜோடி, வெளியே உள்ள இன்னொரு வெண்குறுமீனோடு 327 நாளுக்கு ஒரு சுற்று வருகிறது. அதாவது, உள்ளிருக்கும் இரண்டும் வெளியே இருப்பதை நோக்கி ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கின்றன. ஸ்காட்டின் சுத்தியலும் இறகும்போலத்தான், தரைதான் இல்லை.

இந்த நியூட்ரான் விண்மீன் நொடிக்கு 366 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு ரேடியோத் துடிப்பு பூமிக்கு வருகிறது. இதுவும் இதன் உள்துணையான வெண்குறுமீனும் வேறு வேறாக விழுந்தால் உள்சுற்றுப் பாதை ஒரு பக்கமாகக் கோணும்; துடிப்புகள் முன்பின்னாக வந்து அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வானியலாளர் ஆன் ஆர்ச்சிபால்டின் குழு அமெரிக்கா, நெதர்லாந்து, போர்ட்டோ ரிக்கோ தொலைநோக்கிகளைக் கொண்டு ஆறு ஆண்டுகள் அந்தத் துடிப்புகளை ஒன்று விடாமல் கணக்கு வைத்தது. விண்மீன் இருக்கும் இடத்தைச் சில நூறு மீட்டர் துல்லியத்தில் சொல்லும் அளவுக்கு அந்தக் கணக்கு தேறியது.

2018இல் முடிவு வெளியானது. விழும் வேகமாற்றத்தில் வித்தியாசம் இருந்தாலும், அது பத்து லட்சத்தில் 2.6 பங்குக்கு மேல் இல்லை. 2020இல் பிரான்ஸின் நான்சே தொலைநோக்கி வழியே வந்த தனி ஆய்வு அந்த வரம்பை இன்னும் இறுக்கியது. மாற்றுக் கோட்பாடுகள் செத்துவிடவில்லை. ஆனால் அவை சொல்லும் கூடுதல் புலத்துக்கு நடமாட மிகச் சிறிய இடமே மிச்சம்.

இந்த உரைக்கு மூன்று நிமிடம் ஆகியிருந்தால், அதற்குள் அந்த விண்மீனிலிருந்து 65,000க்கும் மேற்பட்ட துடிப்புகள் பூமியைத் தொட்டிருக்கும்.