விரல் மை அழியுமுன் வந்த கொடை

தேர்தல் முடிந்த கையோடு தொண்டும் நன்கொடையும் ஏன் பெருகுகின்றன என்று ஆராயும் இந்தக் கருத்தரங்கைப் பெருநகரத்தில் கூட்டாமல் கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டி வட்டத்து நாட்றாம்பாளையத்தில் கூட்டியது நல்ல முடிவு. ஒரு பக்கம் ஓசூர் சிப்காட் ஆலைகள், இன்னொரு பக்கம் ஒகேனக்கலை நோக்கி இறங்கும் காடு. கொடுக்கிற இடமும் கொடை போய்ச் சேர வேண்டிய இடமும் இங்கே ஒரே மாவட்டத்துக்குள் இருக்கின்றன. கோட்டையிலிருந்து பார்க்கிறவருக்கு நன்கொடை என்றால் வசூலான தொகை. மலையடிவாரத்தில் இருப்பவருக்கு அது வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. இந்த இரண்டாவது பார்வையிலிருந்தே பேச விரும்புகிறேன்.

2021-ஐ எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 6 அன்று தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. அதையொட்டி மாநிலத்தில் பறிமுதலான ரொக்கம், தங்கம், பரிசுப்பொருள் முதலியவற்றின் மதிப்பு சுமார் 446 கோடி ரூபாய் என்று தேர்தல் ஆணையம் கணக்குக் கொடுத்தது. மே 2 அன்று வாக்குகள் எண்ணப்பட்டன. 7 அன்று மு.க. ஸ்டாலின் முதலமைச்சராகப் பதவியேற்றார். 11 அன்று கொரோனா நிவாரணத்துக்காக முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு நன்கொடை தாருங்கள் என்று மக்களிடம் கேட்டார். 17-ஆம் தேதிக்குள் 69 கோடி ரூபாய் சேர்ந்துவிட்டது. நடிகர்களும் நிறுவனங்களும் கொடுத்தது செய்தியானது. பிள்ளைகள் உண்டியலை உடைத்துக் கொடுத்ததும் செய்தியானது. ஏப்ரலில் வாக்காளர் வீட்டுக் கதவைத் தட்டிக் 'கவர்' கொடுக்க ஆள் அலைந்த அதே மாநிலத்தில், மே மாதம் வாக்காளர் தம் பணத்தை அரசுக்கு அனுப்பினார். ஒரே மாதத்தில் மேலே இருந்த கை கீழே வந்தது, கீழே இருந்த கை மேலே போனது. இந்தத் தலைகீழ் மாற்றத்தைத்தான் நாம் விளக்கியாக வேண்டும்.

இதில் தேர்தலுக்கு என்ன வேலை, கொடுக்க வைத்தது கொள்ளைநோய்தானே என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்வி. மே 21 அன்று ஒரே நாளில் 36,000-க்கு மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியானது. படுக்கையும் ஆக்சிஜனும் கிடைக்காமல் மக்கள் அலைந்த நாட்கள் அவை. தேர்தல் இல்லாத 2020-இல், எடப்பாடி பழனிசாமி முதல்வராக இருந்தபோதும், இதே நிதிக்கு நூறு கோடிக்கு மேல் வந்தது. ஆகவே தொகையைக் காட்டித் தேர்தலின் பங்கை நிறுவ முடியாது. அப்படி நிறுவ முயலும் கட்டுரைகளை நான் ஐயத்தோடுதான் படிக்கிறேன். தேர்தல் சேர்த்தது வேறொன்று. யாரிடம் கொடுப்பது, யாரைக் கணக்குக் கேட்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அது ஒரே நாளில் விடை சொல்லிவிட்டது. வரவு செலவு இரண்டும் பொதுவில் வெளியிடப்படும் என்ற உறுதிமொழி நன்கொடை கேட்ட அறிவிப்பிலேயே இருந்தது. முதலில் வந்த தொகையிலிருந்து 50 கோடியை எடுத்து, ரெம்டெசிவிர் உள்ளிட்ட மருந்துகளுக்கு 25 கோடி, ஆக்சிஜன் கொண்டுவரும் கொள்கலன்களுக்கு 25 கோடி என்று ஒதுக்கியதும் 17-ஆம் தேதியே அறிவிக்கப்பட்டது. கொடுத்தவரின் வங்கிக் குறுஞ்செய்தி பழசாகுமுன் செலவுக் கணக்கு வந்தது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அப்படியானால் கொடுத்தவர்கள் வென்ற கட்சிக்காரர்கள்தானே? நம் மாவட்டத்தையே பாருங்கள். ஆறு தொகுதிகளில் அ.தி.மு.க. மூன்று, தி.மு.க. அணி மூன்று. கிருஷ்ணகிரி தொகுதியில் வெற்றி வித்தியாசம் வெறும் 794 வாக்கு. இப்படிச் சரிபாதியாகப் பிரிந்த இடத்தில் கொடையும் கட்சிக் கோட்டில் பிரிந்திருக்க வேண்டும் என்றுதான் எவரும் ஊகிப்பார்கள். ஆனால் தோற்ற அ.தி.மு.க.வே அந்த நிதிக்கு ஒரு கோடி ரூபாய் அறிவித்தது. தோற்றவர் கொடுப்பதற்கு வெளிநாட்டிலும் சான்று உண்டு, வேறு வகையில். 2017 ஜனவரியில் டிரம்ப்பின் பயணத் தடை வந்ததும் அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியத்துக்கு ஒரே வார இறுதியில் இணையம் வழியாக 2 கோடியே 40 லட்சம் டாலர் குவிந்தது. வழக்கமாக ஓராண்டில் அந்த அமைப்புக்கு இணையத்தில் கிடைப்பது ஏறத்தாழ 40 லட்சம்தான். அங்கே புதிய ஆட்சியை எதிர்க்கக் கொடுத்தார்கள். இங்கே புதிய ஆட்சியின் கையிலேயே கொடுத்தார்கள். இரண்டு இடத்திலும் பணம் போன முகவரி தெளிவாக இருந்தது. தமிழ்நாட்டில் கட்சிக்கும் ரசிகர் நற்பணி மன்றத்துக்கும் அப்பால் உறுப்பினர் பலத்தில் நிற்கும் அமைப்புகள் குறைவு. அதனால் நம் கொடை எளிதில் அரசின் வாசலுக்கே போய்விடுகிறது. இது பெருமைப்பட வேண்டிய விஷயமா என்பதில் எனக்கு ஐயமுண்டு.

இன்னொரு மறுப்பு கடுமையானது: முதலமைச்சர் பக்கத்தில் நின்று காசோலை நீட்டிப் படம் எடுத்துக்கொள்வது கொடையா, புதிய ஆட்சிக்கு வைக்கும் வணக்கமா? பெரிய தொகைகளில் ஒரு பகுதியை அப்படியே தள்ளிவிடலாம். சம்பளத்தில் பிடித்த ஒருநாள் ஊதியத்தையும் முழுத் தன்விருப்பம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆலைகள் நிறைந்த இந்த மண்டலத்துக்கு ஒரு விவரம் முக்கியம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். பி.எம். கேர்ஸ் நிதிக்குக் கொடுத்தால் அது இந்தக் கணக்கில் சேரும், முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் சேராது என்று ஒன்றிய அரசு 2020 ஏப்ரலில் தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே மாநில நிதிக்குக் கொடுத்த நிறுவனத்துக்குச் சட்டக் கடமையில் ஒரு பைசா கழியவில்லை. தயவு தேடித்தான் கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், சொந்த லாபத்தை விட்டுத்தான் தேடினார்கள்.

பணத்தைவிடத் தொண்டுதான் நாட்றாம்பாளையம் போன்ற ஊர்களுக்கு நெருக்கமானது. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் புதிய அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. முன்னோட்டத்துக்குத் தேர்ந்த 12 மாவட்டங்களில் கிருஷ்ணகிரியும் ஒன்று. பிளஸ் டூ முடித்தவர் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கும், பட்டம் பெற்றவர் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலும் சொல்லிக்கொடுக்கலாம் என்று அப்போது இருந்தது. மாலையில் ஒன்றரை மணி நேரம், ஒருவரிடம் இருபது பிள்ளைகள் அளவில். மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 2 லட்சம் பேர் இறங்கினார்கள்; பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் வாங்கியவர் எப்படித் தன்னார்வலர் ஆவார் என்று கேட்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். மாதத்தில் இருபது நாள், நாளுக்கு ஒன்றரை மணி என்றால் மணிக்கு 33 ரூபாய். ஓசூரில் இந்தக் கூலிக்கு மூட்டை தூக்கக்கூட ஆள் வராது. அதைவிட முக்கியம், தன்னார்வலர் அதே ஊர்க்காரர் என்ற ஏற்பாடு. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் பிள்ளைகள் ஏராளமாக உள்ள இந்த எல்லைப் பகுதியில், பிள்ளை எந்த மொழியில் திகைத்து நிற்கிறது என்று பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான் தெரியும். அஞ்செட்டியிலிருந்து கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய ஆசிரியருக்கு அந்த மாலை நேரம் கிடைப்பதில்லை.

இந்த அலை எத்தனை காலம் நிற்கும்? 1967 வெற்றிக்குப் பின் அண்ணா இளைஞர்களைத் திரட்டிச் 'சீரணி' என்ற தொண்டர் படையைத் தொடங்கினார். 1969 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அந்தப் பெயர் பிறகு சென்னைக் கடற்கரையில் ஒரு மேடையாக நின்றது. 2003-இல் அந்த மேடையும் இடிக்கப்பட்டது. தலைவரின் குரலுக்கு எழுந்த தொண்டு, ஊரில் தனக்கென ஒரு பதிவேடும் பொறுப்பாளரும் இல்லாவிட்டால் இப்படித்தான் கரையும் என்று நினைக்கிறேன். கணக்குத் தெரிந்ததால் மக்கள் கொடுத்தார்கள் என்ற என் வாதம் சரியானால், கணக்கு ஊருக்கு வராத இடத்தில் தொண்டும் வற்ற வேண்டும். இதைச் சோதித்துப் பார்க்க வழியிருக்கிறது. பஞ்சாயத்துக்கு வந்த பொருள், பணம், வேலைசெய்த ஆட்கள் ஆகியவற்றைக் கிராம சபையில் படித்துக் காட்டிய ஊர்களையும் காட்டாத ஊர்களையும் இந்த வட்டத்திலேயே ஒப்பிடலாம். மாலை வகுப்புகளின் வருகைப் பதிவேடுகள் பல பள்ளிகளின் பீரோவில் இன்னும் இருக்கக்கூடும். பழைய காகிதத்தோடு எடைக்குப் போகுமுன் அவற்றைப் படியெடுத்தாக வேண்டும். கட்டுரை வாசிக்க வந்திருக்கும் இளம் ஆய்வாளர்களிடம் முதல் வேலையாக அதைத்தான் கேட்கிறேன்.